ஐம்பது காசு அகலப் பொட்டு

ஈசூனில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் மின்தூக்கி வாசலில், அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குப் பின்னால், போன வருஷத்திலிருந்து ஒரு சுவரொட்டி இருக்கிறது. பட்டுப் புடவையும் பெரிய மெரூன் வட்டப் பொட்டுமாக ஓர் அம்மாள் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறாள். கீழே இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: "திருமதி சிவகாமசுந்தரி, தொண்டூழியர். அச்சம் என்பதை அறியாதவர். தம் உடல்நலத்தை முறையாகப் பரிசோதித்துக்கொண்டு அண்டைவீட்டாருக்கும் வழிகாட்டுபவர். அவர் போனார். நீங்கள்?"

இதில் பெயர் சரி. தொண்டூழியர் என்பதும் அண்டைவீட்டாருக்கு வழிகாட்டுவதும் சரி. மற்றது எதுவும் சரியில்லை. இதே வாசகம் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், நான்கு மொழிகளிலும் பொய் என்றே கொள்ள வேண்டும்.

சிவகாமிக்கு அச்சம் தெரியாது என்பது மீனுக்கு நீச்சல் தெரியாது என்பதைப் போன்றது. ஊசிக்குப் பயம். வெள்ளைக் கோட்டுக்குப் பயம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் பிரிக்கும்போது வரும் 'சர்ர்' சத்தத்துக்குப் பயம். மருத்துவமனைச் சின்னம் போட்ட உறை தபாலில் வந்தால், அதைப் பிரிக்காமல் அரிசிப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துவிடுவாள். மகள் இனியா பிறந்த பிறகு அவள் எந்த டாக்டரிடமும் தன்னை ஒழுங்காகக் காட்டிக்கொண்டதில்லை. இனியாவுக்கு இப்போது கல்யாணம் பேசியிருக்கிறது.

ஆனால் பரிசோதனைக்கு ஆள் திரட்டும் வேலையில் கெட்டிக்காரி. அதற்கும் காரணம் பயம்தான். பயந்தவளுக்குத்தான் பயந்தவள் ஒளியும் சந்துபொந்து தெரியும். பரிசோதனைப் பேருந்து புளோக்குக்குக் கீழே வந்து நிற்கும் நாளில், ஏழாவது மாடி நாகம்மா கதவைப் பாதி திறந்து, "முட்டி வலி சிவகாமி, இறங்க முடியாது" என்பாள்.

"லிஃப்டுக்கு எதுக்குக்கா முட்டி? வாங்க."

"சோறு வடிக்கணும்."

"ரைஸ் குக்கர்ல சோறு வடிக்கிற ஒரே ஆள் நீங்கதான். வாங்கக்கா."

"பயமா இருக்கு லா."

"என்ன பயம்? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். நான் போகலையா? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல?"

குத்துக்கல்லாட்டம் நின்றது உண்மை. போனதுதான் பொய். எல்லோரையும் பேருந்தில் ஏற்றிவிட்டு, வெளியே மேசையருகே நின்று வரிசையை ஒழுங்குபடுத்துவாள். தாதி எட்டிப் பார்த்து "ஆன்ட்டி, நீங்க?" என்றால், "மொத ஆளா முடிச்சாச்சு" என்பாள். தலை எண்ணுகிறவளின் தலையை யாரும் எண்ணுவதில்லை.

அந்தப் பொட்டுக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு காலை. பழைய பொட்டை உரித்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினாள். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் பொட்டுகள் வரிசையாக இருக்கும். கணவர் சுந்தரம் சவரம் செய்யும்போது அவற்றில் ஒன்று சரியாக அவர் நெற்றிக்கு நேரே வந்து, அவரைப் பாதி அம்மனாக்கும். அன்று அவள் முகத்தைக் கழுவி நிமிர்ந்தால், நெற்றி நடுவில் பட்டாணி அளவுக்கு வெள்ளை. சோப்பு நுரை என்று துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். சுற்றிலும் சிவந்தது, வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

வெண்குஷ்டம். அந்தச் சொல் மனசில் வந்த வேகத்தில் புதுப் பொட்டு நெற்றியில் போய் உட்கார்ந்தது.

அதன்பிறகு வெள்ளை மெல்ல வளர்ந்தது. பொட்டும் கூடவே வளர்ந்தது. பட்டாணி போய் ஐந்து காசு நாணய அளவு, பிறகு பத்துக் காசு, பிறகு இருபது. தூங்கும்போதும் பொட்டு. குளிக்கும்போதும் பொட்டு. கழற்றி மாற்றுவது தாழிட்ட குளியலறைக்குள், கண்ணை இடுக்கிக்கொண்டு. சுந்தரம் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்தே பழகியவர். எதிரில் இருந்த மனைவியின் நெற்றி அவர் கண்ணில் படவில்லை.

ஊருக்குப் பட்டது, வேறு விதமாக. "சிவகாமிக்கு வரவர அம்மன் களை லா" என்றாள் நாகம்மா. தொண்டூழியர் குழுத் தலைவருக்கு அந்தப் பொட்டில் தலைமைப் பண்பு தெரிந்தது. சுவரொட்டிக்குப் படம் எடுக்க வந்த பையன், "ஸ்ட்ராங் லுக் ஆன்ட்டி" என்றான். அப்போது பொட்டு ஐம்பது காசு அகலத்துக்கு வந்திருந்தது. பயம் வளர வளர அவளுடைய தைரியத்தின் புகழும் வளர்ந்த கதை இதுதான்.

இப்படியே ஒரு டாலர் நாணயம்வரை போயிருக்கும். குறுக்கே சரஸ்வதி வந்தாள்.

சரஸ்வதி மாப்பிள்ளை பிரேமின் அம்மா. பாசிர் ரிஸ்ஸில் வீடு. பிரேமும் இனியாவும் தாங்களே பார்த்துப் பேசி முடித்துக்கொண்டவர்கள். பெரியவர்களுக்கு மிஞ்சியது பலகாரமும் பேச்சும்தான். முதல் தடவை ஈசூனுக்கு வந்த சரஸ்வதி, இரண்டாவது கோப்பைத் தேநீரில் ஒரு கதை சொன்னாள்.

"எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் மகனுக்கு ஒரு இடம் வந்துச்சு. எல்லாம் பொருத்தம். கடைசியில பார்த்தா பொண்ணோட அம்மாவுக்குக் கையில வெள்ளை. எப்பவும் முழுக்கை ரவிக்கை போட்டே மறைச்சிட்டாங்க. நிறுத்திட்டோம். அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? அதுகூடப் பரவால்ல சம்பந்தி. மறைச்சாங்க பாருங்க, அதான்."

சிவகாமி தலையாட்டினாள். பொட்டு விழுந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு ஆட்டினாள். "ரொம்பத் தப்பு. ரொம்ப ரொம்பத் தப்பு" என்று தன் வாயாலேயே தீர்ப்பும் சொன்னாள். கதையின் கடைசி வரி அவள் காதில் விழவில்லை. 'நிறுத்திட்டோம்' என்ற சொல்லோடு காது அடைத்துக்கொண்டது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க, வரும் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பாசிர் ரிஸ்ஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனாள் சரஸ்வதி. அன்றிலிருந்து சிவகாமிக்குச் சோறு இறங்கவில்லை. வியர்வையில் பொட்டு நழுவுவதாகவும், அது பாயசக் கிண்ணத்தில் மிதப்பதாகவும், சரஸ்வதி அதைக் கரண்டியால் எடுத்துப் பார்ப்பதாகவும் கனவு வந்தது.

வழி காட்டியவள் இனியாதான், தெரியாமலே. அவளுக்குக் கன்னத்தில் பரு வந்துபோன தழும்புகள். சரும கிளினிக்கில் பீல் செய்துகொண்டு வந்து, கண்ணாடி முன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி செஞ்சாங்க?"

"மேல் தோலை லேசா உரிச்சு எடுத்துடுவாங்கம்மா. டெட் ஸ்கின் போயிட்டு உள்ளேருந்து புதுத் தோல் வரும்."

"பழைய கலர்லயே வருமா?"

"பின்ன, பச்சைக் கலர்லயா வரும்?"

சிவகாமி சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பு எரியவில்லை. வெள்ளைத் தோலை உரித்தால் கீழே மாநிறம். இவ்வளவு எளிது. அதைவிட எளிது, அது வைத்தியமே இல்லை, அழகு. பாலிகிளினிக் வாசலில் நின்றால் நோயாளி. ஃபேஷியலுக்குப் போனால் வாடிக்கையாளர். நோயின் பெயரை யாரும் சொல்லாமல், அது போய்விடும்.

குவீன்ஸ்டவுனில் ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தாள். அது நல்ல இடம் என்று யாரும் சொல்லவில்லை. குவீன்ஸ்டவுனில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது, அதுதான் தகுதி. தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் என்றால் கடைக்கு ஒரு நாகம்மா நிற்பாள். வீட்டில் "தேக்காவுக்குப் பூ வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, தலையில் முந்தானை. யாரும் கவனிக்கக் கூடாது என்று செய்த வேஷத்தில், பெட்டியிலிருந்த எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

கிளினிக்கில் வெள்ளைச் சுவர், வெள்ளை நாற்காலி, வெள்ளை விளக்கு. வாசனை மட்டும் மல்லிகையாக இருக்கப் பார்த்து, முடியாமல், பினாயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து தலைக்குட்டை கட்டிய ஓர் இளம்பெண் வந்து, சிரித்து, "வாங்க ஆன்ட்டி, நான் மர்யம். நான்தான் உங்களுக்குப் பீல் பண்ணப் போறேன்" என்றாள், சுத்தமான தமிழில்.

சிவகாமி முந்தானையை இன்னும் கீழே இழுத்தாள். இவ்வளவு தூரம் வந்தும் தமிழா? வேற்று மொழிக்காரியாக இருந்தால் கைஜாடையிலேயே கதையை முடித்திருக்கலாம்.

படுக்கையில் படுக்க வைத்து, தலைமுடியைக் காகிதத் தொப்பிக்குள் தள்ளினாள் மர்யம். மேலே வட்ட விளக்கு, நடுவில் பூதக்கண்ணாடி. அதன் வழியாக மர்யமின் ஒரு கண் மட்டும் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

"இது பழத்துல இருக்கிற மாதிரி ஒரு அமிலம் ஆன்ட்டி. பிரஷால தடவுவேன். எறும்பு ஊர்ற மாதிரி சுருக்சுருக்குன்னு இருக்கும். நேரம் ஆனதும் வேற தண்ணி போட்டு நிறுத்திடுவேன்."

"அமிலம்னா... ஆசிட்டா?"

"ரொம்ப மைல்ட். பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா?" என்றாள் சிவகாமி. படுக்கையில் விரித்திருந்த காகித விரிப்பு அவள் இரண்டு கைகளிலும் சுருண்டு, டர்ரென்று கிழிந்தது.

மர்யம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவினாள். "முதல்ல இங்க வச்சுப் பார்ப்போம். நம்ம கலர் தோலுக்கு அவசரம் ஆகாது. சுட்டுட்டா கறுத்துப் போயிடும். அப்புறம் மாசக்கணக்காக் கெஞ்சினாலும் போகாது."

காதுக்குப் பின்னால் எறும்பு ஊர்ந்தது. ஓர் எறும்புக்கே சிவகாமியின் கால்விரல்கள் மடங்கிக்கொண்டன. இது நெற்றியில் ஊர்ந்தால்? கறுத்துப் போனால்? வெள்ளைக்கு நடுவில் கறுப்பு, கறுப்புக்கு நடுவில் வெள்ளை. எந்தப் பொட்டு மூடும் அதை?

"ஓகே, சிவக்கல. முகத்தைத் துடைச்சிடுவோம். பொட்டை எடுத்துடலாமா ஆன்ட்டி?"

"பொட்டு இருக்கட்டும். சுத்திப் பண்ணும்மா."

"பொட்டுக்கு அடியில மட்டும் பழைய தோல் இருந்தா, எடுக்கும்போது ரவுண்டாத் தெரியுமே?"

"தெரியட்டும்."

"ஏதாச்சும் வேண்டுதலா?"

"சுமங்கலி. எடுக்கக் கூடாது."

"நேத்து ஒரு சுமங்கலி ஆன்ட்டி எடுத்து அந்தக் கண்ணாடியில ஒட்டினாங்களே. அவங்க வீட்டுக்காரர் ஒண்ணும் ஆகாம வெளிய உக்காந்து போன் பார்த்துக்கிட்டிருந்தாரு."

நெற்றியில் ஓரிடத்தை உரிப்பதற்காக வந்தவள், அந்த ஓரிடத்தைத் தவிர முகம் முழுவதையும் உரிக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தாள். இது அவளுக்கே புரிந்தது. ஆனாலும் கை பொட்டின்மேல் போய் மூடிக்கொண்டது. மர்யம் அவசரப்படுத்தவில்லை. பிரஷை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். காத்திருப்பவர்களிடம் பொய் சொல்வது கஷ்டம்.

"எடுத்தா கத்தக் கூடாது" என்றாள் சிவகாமி.

"யாரு? நீங்களா, நானா?"

"நீ."

நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தானே உரித்தாள். வருஷக்கணக்காகக் காற்றுப் படாத இடத்தில் ஏர்கான் காற்றுப் பட்டது. சில்லென்று, ஒரு புண்ணைத் திறந்த மாதிரி. பூதக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெரிய கண் ஒருமுறை இமைத்தது. மர்யம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது சிவகாமிக்கு.

"ஆன்ட்டி, இதுமேல நான் ஆசிட் போட மாட்டேன்."

"ஒட்டிக்குமா?"

"ச்சே!" மர்யம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் விரலை அந்த வெள்ளையின்மேல் வைத்தாள். "இதோ பாருங்க. ஒட்டுமான்னு யாரு சொன்னது? டாக்டர் பார்க்கணும், அவ்வளவுதான்."

"டாக்டர் வேணாம். நீயே லேசா உரிச்சு விட்டுடு, என் கண்ணுல்ல."

"பக்கத்து ரூம்தான். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

அந்த வாக்கியம் பொய் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் சிவகாமிதான். ஈசூன் முழுக்க அதை விநியோகித்தவளே அவள். துள்ளி எழுந்தாள். காகிதத் தொப்பியோடு, செருப்பை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக் கதவுவரை போய்விட்டாள்.

"ஆன்ட்டி, பொட்டை விட்டுட்டுப் போறீங்க."

பொட்டு தட்டில், பிரஷுக்குப் பக்கத்தில் கிடந்தது. அது இல்லாமல் வெளியே போக முடியாது. திரும்பி வந்து எடுக்க மர்யமைத் தாண்டி வர வேண்டும். சிவகாமி கதவுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் ரியாஸ் உள்ளே வந்தார். மர்யம் மேசைக்கு அடியில் இருந்த மணியை எப்போது அழுத்தினாள் என்று தெரியவில்லை.

டாக்டருக்கு இனியா வயதுதான் இருக்கும். விளக்கை அணைத்து, ஊதா வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த பொட்டை எடுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் பிடித்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இரண்டும் ஒன்று.

"ஸ்டிக்கர் பொட்டா? தினமுமா?"

"குளிக்கும்போதுகூட."

"ஆரம்பத்துல வெள்ளை சின்னதா இருந்துச்சா?"

"பட்டாணி. அப்புறம் வளர வளர நானும் பெரிய பொட்டா மாத்திக்கிட்டு வந்தேன்."

"வெள்ளை வளர வளரப் பொட்டை மாத்தினீங்களா, இல்ல பொட்டை மாத்த மாத்த வெள்ளை வளர்ந்துச்சா?"

சிவகாமி டாக்டர் கையிலிருந்த பொட்டைப் பார்த்தாள்.

"சில ஸ்டிக்கர் பசையில ஒரு கெமிக்கல் இருக்கும்மா. சிலருக்கு அது பட்ட இடத்துல கலர் போயிடும். பொட்டு வைக்கிற ஆளுங்ககிட்ட நாங்க பார்க்கிறதுதான்."

"உரிச்சா போயிடுமா?"

"வெள்ளைங்கிறது மேல அடிச்ச பெயின்ட் இல்ல, சுரண்டி எடுக்க. கலர் தயாரிக்கிற செல் அடியில படுத்துடுச்சு. உரிச்சா சுத்தியிருக்கிறது கறுக்கும். இது இன்னும் பளிச்சுன்னு தெரியும்."

கேட்க வேண்டியதை அவள் கேட்டாள். "வெண்குஷ்டமா டாக்டர்?"

"முதல்ல அந்தப் பேரை விடுங்க. குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. வெண்புள்ளியாவே இருந்தாலும் அது ஒட்டாது, உயிரையும் எடுக்காது. பார்த்தா பசைன்னுதான் தோணுது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். பொட்டை நிறுத்திட்டு ரெண்டு மூணு மாசம் பார்ப்போம். குங்குமம், மேக்கப் எதுவும் அங்க வேணாம். கலர் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம்."

பயந்தவளுக்கு ஆம் என்றாலும் தாங்கும், இல்லை என்றாலும் தாங்கும். 'ஒருவேளை' தான் கொல்லும். மாசக்கணக்கில் வெறும் நெற்றி. சனிக்கிழமை பாசிர் ரிஸ்.

"கடைசியா எப்பம்மா ஃபுல் செக்கப் பண்ணீங்க?"

"மக பொறந்தப்ப."

"மகளுக்கு என்ன வயசு?"

"கல்யாணம் வச்சிருக்கோம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

திரும்பும் ரயிலில் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டாள். நெற்றியை மறைக்க முகக்கவசத்தால் ஆகாது. முந்தானை வழுக்கிக்கொண்டே இருந்தது. உலகமே பார்க்கும் என்று இத்தனை வருஷம் அவள் நடுங்கிய நெற்றியைப் பெட்டியில் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் போனைப் பார்த்தார்கள். இது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவர்கள் யாரும் இனியாவுக்கு மாமியார் ஆகப் போவதில்லையே.

பூ வாங்குவதாகச் சொன்ன பொய்யை மெய்யாக்கத் தேக்காவில் இறங்கினாள். பூக்கடைக்குப் பக்கத்திலேயே பொட்டுக் கடை. "அக்கா, பெரிய சைஸ் புதுசா வந்திருக்கு" என்றாள் கடைக்காரப் பெண். டாக்டர் சொன்னது காதில் இருந்தது. ஒரு அட்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் சுந்தரம் கதவைத் திறந்து, பூவைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்தார். "என்னடி, நெத்தி காலியா இருக்கு? நான் இருக்கேன்ல?" என்று கேலியாக ஆரம்பித்தவர், வெள்ளையைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். "இது எப்பேருந்து?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும். சொல்லும்போது பூவின் நாரைப் பிய்த்துக்கொண்டே இருந்ததில் பாதிச் சரம் உதிர்ந்துவிட்டது.

இனியாவுக்கு முதலில் வந்தது கோபம். "என் முகத்துல ஒரு பிம்பிள் வந்தா எத்தனை டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனீங்க? புளோக் ஃபுல்லா இழுக்கிறீங்க! உங்களை யாரும்மா இழுக்கிறது?"

"உன் மாமியார் சொன்ன கதையைக் கேட்டேல்ல?"

இனியாவும் கேட்டிருந்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாள்தானே சிவகாமி" என்றார் சுந்தரம். "சனிக்கிழமை மட்டும் ஒட்டிக்கோ. நாள் குறிக்கட்டும், கல்யாணம் முடியட்டும். அப்புறம் டாக்டர் சொன்னபடி பாரு."

யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சு. வேறு யாராவது கேட்டிருந்தால் சிவகாமியும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை பாசிர் ரிஸ் புளோக்கின் மின்தூக்கியில் அவர்கள் மூவரும்தான். பின்சுவரில் கண்ணாடி. சிவகாமி கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்து விரல் நுனியில் ஏந்தினாள்.

"ஒட்டு, ஒட்டு, மாடி வந்துடுச்சு" என்றார் சுந்தரம். இனியா எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் வெள்ளை வட்டம் நேராக அவளைப் பார்த்தது. 'மறைச்சாங்க பாருங்க, அதான்.' அன்று காதில் விழாத வரி இன்றைக்கு வந்து விழுந்தது. முழுக்கை ரவிக்கை போட்ட அந்த முகம் தெரியாத அம்மாள் ஏதோ ஒரு மின்தூக்கியில் இப்படித்தான் கையை இழுத்து விட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. கதவு திறந்தது. விரல் நுனியிலிருந்த பொட்டை அவள் கைப்பையின் வாரில் ஒட்டினாள்.

தாழ்வாரத்திலேயே சரஸ்வதி நின்றிருந்தாள். அவள் பார்வை சிவகாமியின் வெறும் நெற்றிக்குப் போனது. அங்கிருந்து சட்டென்று சுந்தரத்துக்குத் தாவி, ஆள் நலமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, மறுபடி நெற்றிக்கு வந்தது. தாழ்வாரத்து வெளிச்சம் மங்கல். வெள்ளையை அவள் பார்த்தாளா இல்லையா என்று சொல்ல முடியாது.

"வாங்க வாங்க. அவசரத்துல பொட்டை மறந்துட்டீங்க போல. அதனாலென்ன" என்று உள்ளே போய், வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குத் தண்ணீருக்கு முன்னால் கொடுக்க வேண்டியதைக் கொண்டுவந்தாள். வெள்ளிச் சிமிழ் நிறையக் குங்குமம். அன்பாகவே நீட்டினாள். "எடுத்துக்குங்க சம்பந்தி."

தப்பிக்க இதைவிட மரியாதையான வழி கிடைக்காது. ஒரு விரல், ஒரு தீற்று. சம்பிரதாயமும் காப்பாற்றப்படும், நெற்றியும் மூடப்படும். சுந்தரம் கண்ணாலேயே கெஞ்சினார். பிரேம் கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றான்.

"எனக்கு இங்க வெள்ளையா இருக்கு" என்றாள், நெற்றியைத் தொட்டு. "சில வருஷமாச்சு. பொட்டுப் பசையால இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. வேறயாவும் இருக்கலாம். உறுதியாத் தெரியல. எதுவும் வைக்கக் கூடாதுன்னாரு. மறைச்சுத்தான் வச்சிருந்தேன்."

வீட்டுக்குள் மீன் பொரியும் சத்தம் கேட்டது. யாரும் போய் அடுப்பைக் குறைக்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னப்ப தலையாட்டினீங்களே?" என்றாள் சரஸ்வதி.

"பயத்துல ஆட்டினேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு."

சரஸ்வதி அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. சிமிழைப் பின்னால் இழுத்துக்கொள்ளவும் இல்லை. சாப்பாடு போட்டாள், வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள், நாள் குறிக்கும் பேச்சை அன்று எடுக்கவில்லை. மறு வாரம் போன் செய்து, சாதாரணக் குரலில், நிச்சயதார்த்தத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்த ஒரு வாரம் சிவகாமி எப்படி இருந்தாள் என்பதை எழுதாமல் விடுவதே மரியாதை.

சுவரொட்டி இன்னும் ஈசூனில் தொங்குகிறது, அச்சம் அறியாதவர் என்ற வரியோடும் ஐம்பது காசு அகலப் பொட்டோடும். பாசிர் ரிஸ்ஸில் அந்தப் பகலில் அவள் செய்தது இவ்வளவுதான்: ஒரு விரலால் சிமிழிலிருந்து குங்குமம் தொட்டு, அதைத் தாலியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் வைக்கவில்லை.